நீர்மட்டப் பதிவேடு

ஆகஸ்ட் ஒன்பது, காலை ஆறு மணி.
மேல்புறம் ஒன்று புள்ளி நான்கு. கீழ்ப்புறம் பூஜ்யம் புள்ளி மூன்று.
லஸ்கர் எழுத வேண்டியது இவ்வளவுதான்.
தண்ணீர் தொட்ட எண்ணை எழுது,
ஷட்டரைத் தொட்டவன் பெயரை எழுதாதே.

பதிவேட்டின் பின்பக்கம் காலியாக இருந்தது.

நெடுங்கோட்டகத்தாருக்குப் பேராசை என்றார்கள் பனையஞ்சேத்தியில்.
அப்படியில்லை.
மடையைத் திறந்தால் தன் நாற்று காயும் என்ற பயம்.
பசி வயிறு நிறைந்தால் உட்காரும்,
பயம் மூன்று முழம் உயரத்துக்குக் கொரம்பு கட்டிவிட்டு
நாலாவது முழத்துக்கு மணல்மூட்டை தேடும்.

ஆடி முடிவதற்குள் சொற்கள் வரப்பு தாண்டிவிட்டன.
"கலெக்டர் வரட்டும், பொறுப்போம்" என்ற உத்திராபதிக்கு
பயந்தாங்கொள்ளி என்று பெயர்.
ராத்திரியில் மோட்டார் ஒயரை அறுத்தவன்
ஊருக்கு உழைப்பவன்.
இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்றால்
இரண்டு பக்கமும் கைநனைத்தவன்.
கட்டுப்பாடு என்பது
அக்காளைக் கொடுத்த வீட்டு வாசலைப்
பார்க்காமல் பஸ் ஏறுவது.
யாரும் கூட்டம் போட்டு மாற்றவில்லை,
டீக்கடை பெஞ்சில் தானாக நடந்தது.

கடைமடையிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள்,
எலுமிச்சம்பழத்தோடு.
ஏழு நாள் உங்களுக்கு, ஏழு நாள் எங்களுக்கு,
அப்பன் காலத்து முறை என்றார்கள்.
காத்தையன் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.
பழத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு
மெதுவாகச் சொன்னார்:
"நியாயங்கிறது ரெண்டு கரையும்
ஒரே உசரத்துல இருந்தாப் பேசுறது, மாமா.
தண்ணி மேட்டுலேர்ந்துதான வருது."

அன்றிரவு பத்து மணிக்கு எனக்குத் தகவல் வந்தது.
சாவி என்னிடம்.
கோரையாற்றுப் பாலத்தில் வண்டி பஞ்சர்.
தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது
கொக்குகள் இறங்கிவிட்டன.
ஷட்டர் பலகை இரண்டாய்ப் பிளந்திருந்தது.
மதகடியில் அய்யாறு, குப்புற, ஒரு செருப்போடு.
அவன் நுரையீரலில் நிறைந்தது
எந்த ஊர்ப் பங்குத் தண்ணீர் என்று
அப்போது யாரும் கேட்கவில்லை.

தாமதத்துக்காக என்னைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

அந்தப் பதினொரு மாதத்தில்
கிளை நூலகத்தில், அட்டை கழன்ற ஒரு தடித்த புத்தகத்தில்
ஒரு யவனனைக் கண்டேன்.
அவனும் சில நாழிகை தாமதமாகப் போய்ச் சேர்ந்தவன்;
கப்பல்களோடு போயும்
ஆற்றங்கரை நகரம் ஒன்று கைவிட்டுப் போயிற்று.
ஊரைவிட்டு விலக்கினார்கள். இருபது வருஷம்.
அதனால்தான் எதிரியோடும் உட்கார்ந்து கேட்க முடிந்ததாம்.
கேட்டதை எழுதினான்.
தெய்வத்தின் மேல் போடவில்லை, கிரகத்தின் மேல் போடவில்லை.
மனுஷன் மனுஷனாக இருக்கும்வரை
இதுபோல் மறுபடி வரும் என்றான், வருத்தமில்லாமல்,
அடைமழையைச் சொல்வதுபோல.
போர் முடியுமுன்பே
பாதி வாக்கியத்தில் எழுத்து நின்றுவிட்டது.

நூலகர் மூடும் நேரம் என்றார்.
வெளியே முறைத் தண்ணீருக்காக
யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலையில் வேலை திரும்பக் கிடைத்தது,
ஒரு மடை மேலே, வடுவன்சேரியில்.
மேட்டூரில் தண்ணீர் குறைவு. வடுவன்சேரியார் அடைத்துவிட்டார்கள்.
அவர்களுக்கும் நாற்று இருக்கிறது, பயம் இருக்கிறது.
ஒரு மாலை
வேட்டி நுனியை இடுப்பில் செருகாமல்
காத்தையன் வந்தார்.
கையில் எலுமிச்சம்பழம்.
"ஏழு நாளு, ஏழு நாளு" என்று ஆரம்பித்தவரிடம்
அந்த ஊர்த் தலைவர் கரையைக் காட்டிச் சொன்னதை
நான் முன்பே ஒருமுறை கேட்டிருந்தேன்.

காத்தையன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
ஷட்டர் சாவி என் மடியில் கனத்தது.
அய்யாறு நினைவு வந்தது என்று சொன்னால் பொய்.
நெஞ்சுக்குள்ளே சின்னதாய்,
வெல்லம் கரைவதுபோல் ஒரு சந்தோஷம்.

பின்பக்கத்தில் அதையும் எழுதினேன்.
ஜூலை இருபத்தொன்று, மாலை ஆறு மணி.
மேல்புறம் ஒன்று புள்ளி இரண்டு.
கீழ்ப்புறம் பூஜ்யம்.